புதுச்சேரியில் ஏழு ஆண்டுகள்: கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கலாம்?

2018-இல் புதுச்சேரியின் கடலோரக் குருசுக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றியதும் நேராகப் பால்கனிக்குத்தான் போனார்கள். இரண்டாவது மாடி, எதிரே ஒரு ஓட்டு வீடு, இரண்டு தென்னை, அவற்றுக்கு அப்பால் கடல். சமையலறை சிறியது, குளியலறைக்குச் சன்னல் கிடையாது, வாடகை மாதம் 22,000 ரூபாய் என்பதையெல்லாம் ஒருவரும் கவனிக்கவில்லை. வீடு பார்க்க வந்த அன்று நாங்களும் கவனிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, 2021-இல் கடலிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி, லாஸ்பேட்டையில் 13,000 ரூபாய் வாடகைக்கு வேறொரு வீட்டுக்கு மாறினோம். ஆக, இந்த ஊரில் கடலைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறோம், கடலைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களாகவும் இருக்கிறோம். புதுச்சேரிக்குக் குடிவரலாமா என்று கேட்கும் நண்பர்களின் எண்ணிக்கை கூடிவிட்டதால், ஒரு பொருளை வாங்கிச் சில ஆண்டுகள் பயன்படுத்தியவர் அதைப் பற்றி எழுதுவதைப் போல இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஊருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன், கடல் தெரியும் வீட்டுக்கு இரண்டு கொடுப்பதற்கே யோசிக்கிறேன்.

யோசிக்க வைப்பது உப்பு. கடலோரத்தில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது யாருக்கும் தெரிந்த செய்திதான். அது எவ்வளவு வேகமாக, வீட்டின் எந்தெந்த மூலையில் பிடிக்கும் என்பது குடியிருந்தவருக்கு மட்டுமே தெரியும். அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு ஏறி, நீர் வற்றி, உப்புத் துகள்களாகச் சுவரிலும் கம்பியிலும் படிகின்றன. படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதால், மழையே எட்டிப் பார்க்காத மார்ச் மாதத்தில்கூட அந்தக் கம்பி இரவெல்லாம் நனைந்தே கிடக்கிறது. முதலாண்டில் சன்னல் கொக்கிகளும் கதவுக் கீல்களும் துணி காயப்போடும் கம்பியும் போயின. இரண்டாம் ஆண்டில் எரிவாயு அடுப்பின் கால்கள், குளிர்பதனப் பெட்டியின் பின்புற அடித்தகடு, மகளின் சைக்கிள் சங்கிலி ஆகியவற்றின் முறை வந்தது. வாசல் கதவின் பூட்டுக்குள் சாவி திரும்பாமல், ஓர் இரவு முழுக் குடும்பமும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துடன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததும் உண்டு.

மூன்றாம் ஆண்டின் கோடையில் ஏ.சி. குளிர்விப்பதை நிறுத்தியது. வெளியே மாட்டியிருந்த பெட்டியைத் திறந்த மெக்கானிக், உள்ளே வரிசையாக இருந்த அலுமினியத் தகடுகளை ஆள்காட்டி விரலால் மெல்லத் தடவினார். அவை ஊதுவத்திச் சாம்பலைப் போல உதிர்ந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தன. "கடலைப் பார்த்து மாட்டியிருக்கீங்களே சார், இதுக்கு வாரண்டி தரமாட்டாங்க" என்றார். தரவில்லை. அரிப்பினால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அதன்பிறகுதான் படித்தேன். மாதம் ஒருமுறை வெளிப்பெட்டியின் மீது நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருந்தால் இன்னும் இரண்டு கோடைகளைத் தாண்டியிருக்கும் என்று அவரே சொன்னார். நல்ல தண்ணீர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல இருக்கிறது.

சுவர்களின் கதை வேறு. கீழிருந்து ஓதம் ஏறி, வெள்ளைப் பூவாக உப்பரித்து, பெயிண்ட் கொப்பளித்துச் செதில் செதிலாக உரியும். வீட்டுக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்துக் கொடுத்தார். தமிழ்ப் புத்தாண்டுக்குள் மறுபடியும் பூத்துவிடும். பூச வந்த பெரியவர் ஒருவர், "ஐயா, கடலைப் பார்த்த சுவருக்கு வருசா வருசம் ஒரு கோட்டு. மத்த மூணு பக்கமும் அதுபாட்டுக்கு நாலு வருசம் கிடக்கும்" என்று கணக்குச் சொன்னார். பார்வைக்கு அசிங்கம் என்பதோடு இது நிற்பதில்லை. கான்கிரீட்டுக்குள் இறங்கும் உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. பால்கனியின் கூரையிலிருந்து ஒரு தட்டு அகலத்துக்குச் சிமெண்டு பெயர்ந்து விழுந்து, செம்பழுப்பு நிறத்தில் கம்பி தெரிந்த நாளில்தான் வேறு வீடு தேடத் தொடங்கினோம். கடலைப் பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் நின்றது சரியாக அந்த இடத்துக்குக் கீழேதான்.

சமையலறையில் நடக்கும் சிறு துன்பங்களை இங்கே பட்டியலிட மாட்டேன். பொரித்த அப்பளம் பந்தியில் கடைசி ஆள் உட்கார்வதற்குள் நமத்துவிடும் என்பதும், கல்லுப்பு ஜாடி தானாகவே நீர்விட்டுக்கொள்ளும் என்பதும் போதும். லாஸ்பேட்டைக்கு வந்த பிறகு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் நின்றுபோயின. மூன்று கிலோமீட்டர் என்பது சைக்கிளில் கால் மணி நேரம். உப்புக்கு அதுவே நெடுந்தூரம்.

அடுத்தது கடற்கரை. இந்த ஊரின் கடற்கரையில் நாங்கள் வந்தபோது கரை இருந்தது, மணல் இல்லை. கடற்கரைச் சாலையின் ஓரத்தில் கருங்கற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். அலை அவற்றில் மோதித் தெறிக்கும். வெளியூர்க்காரர்கள் அதையே அழகென்று படமெடுத்துக்கொண்டு போனார்கள், ஊர்க்காரர்களோ தங்கள் சிறுவயதில் அங்கே மணலில் விளையாடியதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். காரணம் இயற்கையன்று. இந்தக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் மட்டும் அது திசை மாறும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டியபோது, வடக்கே போகவேண்டிய மணல் அங்கேயே தடைபட்டது. தெற்குப் பக்கத்தில் மணல் குவிந்து கரை அகன்றது. வடக்குப் பக்கத்தில் நகரத்தின் கரை தேய்ந்தது. கரையைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. அங்கேயும் கல்லைக் கொட்டினார்கள். இன்று கோட்டக்குப்பம் தாண்டி, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுப் பக்கத்து மீனவக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடுகளையும் படகு நிறுத்தும் இடங்களையும் இழந்துகொண்டிருப்பதற்கு இதுவே காரணம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடற்பக்கத்தில் 'அலையைத் தொடும் மனை' வாங்க நினைப்பவர்கள், மனையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஊர்களின் கரையில் ஒரு முறை நடந்து பார்ப்பது நல்லது.

நாங்கள் வந்த 2018-ஆம் ஆண்டில்தான், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தார் இறக்கினார்கள். அலையின் வேகத்தைத் தணித்து மணலைத் தங்கவைப்பது அதன் வேலை. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு காலையில், பழைய துறைமுகத் தூண்கள் நிற்கும் பக்கமாகக் கற்களுக்குக் கீழே துண்டை விரித்தாற்போல ஒரு மணல் திட்டு தெரிந்தது. சில மாதங்களில் அது அகன்று, குழந்தைகள் ஓடி விளையாடும் அளவுக்கு ஒரு கரையாகவே ஆனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் ஊரின் மணலில் கால் வைத்த ஒரு முதியவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த மணல் சில பருவங்களில் கூடும், சிலவற்றில் குறையும், இருந்தாலும் இருக்கிறது. ஆனால் அங்கே குளிக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கற்கள் வழுக்கும், நீரோட்டம் இழுக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. நீந்துவதற்காகக் கடலோர நகரம் தேடுகிறவர்களுக்கு இந்த ஊர் ஏற்றதன்று.

நடப்பதற்கு இதைவிட ஏற்ற ஊர் இல்லை என்பேன். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒலிப்பான் சத்தமே இல்லாமல், நகரத்தின் நடுவே கடலோரமாக நடக்கும் வசதியைத் தமிழ் நிலத்தில் வேறெந்த ஊர் தருகிறது என்று தெரியவில்லை. செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலை, 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம் என்று அடையாளங்கள் இருந்தாலும், நான் சொல்ல வருவது அவற்றை அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே வருகிறவர்கள்தான் இந்த ஊர்: முழங்கால் வலியோடு கைத்தடி ஊன்றி நடக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், அரவிந்தர் ஆசிரமத்து வெள்ளை அரைக்கால் சட்டைக்காரர்கள், பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பிரெஞ்சு ஓய்வூதியத்தில் வாழும் 'சொல்தா' குடும்பத்துத் தாத்தாக்கள், சுண்டலுக்கு இரவே ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள். லாஸ்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய் வருவதால் இந்தக் காலை நேரம் எங்களுக்குக் குறைந்துவிடவில்லை. உண்மையைச் சொன்னால், கடல் தெரியும் வீட்டில் இருந்தபோது பல நாட்கள் நாங்கள் கடற்கரைக்கே போகவில்லை. வீட்டிலிருந்தே தெரிகிறதே என்ற சோம்பல்.

நகரத்தின் அமைப்பும் நடையாளருக்குச் சாதகமானது. நேர்கோடுகளாக ஒன்றையொன்று வெட்டும் தெருக்கள், இடையில் பெரிய வாய்க்கால், அதன் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரம், மேற்கே தமிழர் பகுதி. வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் எல்லாப் படங்களிலும் வந்துவிட்டன. குடியிருக்கிறவர் பார்வையில் வாய்க்காலின் மேற்குப் பக்கம்தான் மேல். தெருவைப் பார்த்த திண்ணையும், அதற்கு நிழலாக மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், உள்ளே முற்றமும் கொண்ட வீடுகள் வைசியாள் வீதியில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அந்த வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. சுண்ணாம்புப் பூச்சுள்ள அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடுவதால், ஓதத்தை எங்கள் சிமெண்டுச் சுவரைவிட நன்றாகத் தாங்குகின்றன. பழைய சுவர் மீது சிமெண்டைப் பூசி அழகுபடுத்தும் வீடுகளில்தான் உள்ளேயே ஈரம் சிறைப்பட்டுச் செங்கல் கரைகிறது. 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்கால நகரமன்றமான பழைய மேரி கட்டடமே இடிந்து விழுந்ததையும், அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டி 2021-இல் திறந்ததையும் இந்த ஊர் மறக்கவில்லை. பழைய வீட்டை வாடகைக்கு எடுப்பவரும் மறக்கலாகாது.

வார இறுதிதான் இந்த ஊரின் பெரிய வேதனை. வெள்ளிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை சென்னை, பெங்களூரு எண்களுடன் வரும் கார்கள் வெள்ளை நகரத்தின் சிறு தெருக்களை அடைத்துக்கொள்கின்றன. ஒரு காலத்தில் குடும்பங்கள் இருந்த வீடுகள் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறிவிட்டதால், அங்கே பால்காரர் மணியைவிடப் பெட்டியின் சக்கரச் சத்தம்தான் அதிகம் கேட்கிறது. மது விலை குறைவு என்பதற்காகவே வருகிறவர்கள் தனிக் கூட்டம். குருசுக்குப்பத்தில் இருந்தபோது, எங்கள் வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்க்கப் போனவரைத் தேடிக்கொண்டு, காய்ச்சலில் கிடந்த மகளோடு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். அவர் வந்து, "பத்து நிமிசம்தானே சார் ஆச்சு" என்றார். ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சனி, ஞாயிறுகளில் வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போவதில்லை. டிசம்பர் 31 அன்று நானும் அப்படித்தான்.

இனி, நல்ல தண்ணீர். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும், தலைமுடி நாராகும். நிலத்தடியிலிருந்து அளவுக்கு மீறி எடுக்க எடுக்கக் கடல்நீர் உள்ளே நகர்வதுதான் காரணம். குருசுக்குப்பத்தில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் 20 லிட்டர் கேன்களையே நம்பியிருந்தோம். இந்தக் குறை இன்று தோன்றியதும் அல்ல. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், மேற்கே முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. தன் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதையும் அதோடு சேர்ந்திருக்கிறது. கடலுக்கு அருகே ஆளுநர் மாளிகை கட்டியவர்களும் தண்ணீருக்கு உள்நாட்டைத்தான் பார்த்தார்கள். லாஸ்பேட்டை மேட்டில் எங்களுக்கு வரும் தண்ணீர் பருகத் தகுந்ததாக இருக்கிறது. எனினும் பழக்கம் விடாமல் வடிகட்டியே குடிக்கிறோம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடலுக்கு நான் ஓரவஞ்சனை செய்தவனாவேன். ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்து சேரும் அந்தக் கணம், சன்னல் திரை ஒருமுறை உள்வாங்கிப் பிறகு உப்பி எழும் அந்தக் கணம், குருசுக்குப்பம் வீட்டின் வாடகையில் பாதியாவது பெறும். வேலூரும் திருச்சியும் வறுபடும் நாளில் இங்கே மின்விசிறியோடு மதியத்தைக் கழித்துவிடலாம். ஆனால் ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுத்துவிட்டால் கடற்காற்று உள்ளே வரவே முடியாமல் மாலை வரை நின்றுவிடும். அந்த நாட்களில் கடலுக்கு எதிரே உட்கார்ந்தும் வெந்துபோக வேண்டியதுதான். இரவில் காற்று அடங்கினால் புழுக்கம். உடம்பில் வேர்வை காயாது.

மழையும் புயலும் வந்தால் கடலோரத்தவர்க்குத்தான் ஆபத்து என்று நினைப்பது இயல்பு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, ஊரின் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்ததைப் பக்கத்து வீட்டார் இன்னும் மரம் மரமாகப் பெயர் சொல்லிக் கூறுவார்கள். நாங்கள் பார்த்தது 2024 நவம்பர் 30-இல் கரையேறிய ஃபெஞ்சல். கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்ற அந்தப் புயல், 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. மூழ்கியது கடற்கரைச் சாலை அல்ல; ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற உட்பகுதித் தாழ்விடங்கள். கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை இராணுவத்தினர் வந்து மீட்டார்கள். பிறகு சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்து, சுற்றியிருந்த கிராமங்கள் பலவும் நீரில் நின்றன. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடி வடிந்துவிட்டது. இரண்டு நாள் மின்சாரம் இல்லை. கடலிலிருந்து தள்ளி வீடு பார்க்கச் சொல்கிறேன் என்பதற்காகத் தள்ளியிருக்கும் எந்த வீடும் சரியென்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன். லாஸ்பேட்டையும் கோரிமேடும் செம்மண் மேடுகள். தாழ்வான நகர்கள் பலவற்றின் பெயர்களில் அந்தத் தாழ்வு தெரியாது.

மீன் பிரியர்களுக்கு இந்த ஊரில் குறையில்லை. காலையில் குபேர் அங்காடியின் மீன் பகுதிக்குப் போனால், வஞ்சிரமும் சங்கராவும் வவ்வாலும் பெரிய தட்டுகளில் கிடக்கும். கிழங்கானையும் நெத்திலியையும் கூறு கட்டி விற்பார்கள். "செவுளைத் தூக்கிப் பாரு தம்பி, ரத்தம் மாதிரி இருக்கா இல்லையா" என்று அதட்டும் அம்மாவிடம் ஏழு ஆண்டுகளாக வாங்குகிறேன். ஒரு முறை மட்டும் ஏமாற்றினார், அதையும் மறுவாரம் அவரே ஒப்புக்கொண்டு இரண்டு நண்டு கூடுதலாகப் போட்டார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாததால் விலை ஏறிவிடும்; பெரிய மீன் அரிதாகும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கரைக்கு மயிலம் முருகன் உட்பட ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்பதையும், ஆடியில் வீராம்பட்டினம் தேர் நகர்வதையும் ஒரு முறை பார்த்துவிட்டால், இந்தக் கடல் சுற்றுலாவுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மருத்துவத்துக்கு மத்திய அரசின் ஜிப்மர் இருக்கிறது; நீண்ட வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால், இந்த அளவு நகரத்தில் இப்படியொரு மருத்துவமனை இருப்பது பெரும் பேறு. படிப்புக்கும் குறையில்லை. வேலைதான் இல்லை. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. துணி ஆலை 2020-இல் மூடியதோடு ஆலைக் காலம் முடிந்துவிட்டது. ஓய்வூதியமோ வீட்டிலிருந்தே செய்யும் வேலையோ கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த ஊர் இப்போது தோதானது. ரயில்கள் மிகக் குறைவு, விமானச் சேவை வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. சென்னைக்குப் பேருந்தில் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் டெம்போக்கள் உண்டு, ஆட்டோக்காரரிடம் ஏறும் முன்பே விலை பேசிவிட வேண்டும். இன்னொன்று: புதுச்சேரிப் பகுதி துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடப்பதால், கடைத்தெருவுக்குப் போகும் வழியிலேயே மாநிலம் மாறும். கோட்டக்குப்பத்தில் வாடகை குறைவாகக் கிடைக்கிறதென்று போகிறவர்கள், மின் இணைப்பு, குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கை அனைத்தும் தமிழ்நாட்டுக் கணக்கில் வரும் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகும் கடல் தெரியும் வீடுதான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க மாட்டேன். நவம்பர் மாதத்தில், மழை பெய்த மறுநாள் போய் வீட்டைப் பாருங்கள். பால்கனிக்குக் கடைசியாகப் போங்கள். முதலில் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கடல் பக்கத்துச் சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சன்னல்கள் அலுமினியமா இரும்பா என்று தட்டிப் பாருங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். வீட்டுக்காரர் எங்கே குடியிருக்கிறார் என்றும் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். எங்கள் குருசுக்குப்பம் வீட்டின் உரிமையாளர் ரெட்டியார்பாளையத்தில் இருந்தார். இப்போதைய வீட்டின் உரிமையாளர் கீழ்த்தளத்திலேயே இருக்கிறார்.